எந்த நாலு மணி?

பகல் ஒரு மணி, தோட்டத்து மணிப்படி. தஞ்சோங் ரம்புத்தானை அடுத்த எங்கள் தோட்டத்து முச்சந்தியில் முனியாண்டி அண்ணனின் விறகு லாரியில் ஏறினேன். ஈப்போவுக்கு ஒன்பது மைல். ஜப்பான் நோட்டில் இரண்டு டாலர் வாங்கிக்கொண்டார். என் பையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும், ரப்பர் ஷீட்டை வெட்டி அடி வைத்த கான்வாஸ் சப்பாத்தும் இருந்தன.

தோட்டத்து மணி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவின் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டான். ஒன்றரை மணி நேரம் முன்னால். டவுனில் அது சட்டம். துரை ஓடிப்போன எங்கள் தோட்டத்திலோ, கங்காணி பழைய மணிக்கே பெரட்டுக்குத் தகரம் தட்டி ஆள்களைக் கூட்டினார். ஆகவே நான் ஏறியபோது ஈப்போவில் இரண்டரை. ஆட்டம் நாலு மணிக்கு.

ஆட்டம் என்றால் கூடைப்பந்து. ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டு வேறு என்னதான் செய்வது? தைப்பிங்கில் ஒரு மளிகைக்கடைக் குழுவுக்கு ஆடினேன்; அந்த ஊர் மழையில் ஆடியதைவிட ஒதுங்கி நின்றதுதான் அதிகம். சிலிம் ரிவர் குழு கருவாடு கொடுத்துக் கூப்பிட்டது. ஐந்து வருஷத்தில் ஏழு குழு. சீனர்கள் என்னைக் 'கோ லோ' என்பார்கள், நெட்டையன் என்று அர்த்தம். என் மனைவி அஞ்சலையோ 'ஊருக்கு ஒரு சட்டை மாத்துற மனுசன்' என்பாள்.

இந்த முறை போனது கருவாட்டுக்கு அல்ல. ஈப்போவில் பலகை ஆலை வைத்திருந்த தவ்கே, அதாவது சீன முதலாளி, தன் குழுவுக்கு ஓர் ஆள் தேடுவதாகச் சேதி வந்திருந்தது. எடுத்துக்கொண்டால் ஆலையில் வேலை, கையில் வேலை அட்டை. அட்டை இல்லாதவர்களைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போன மாதம் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து பதினொரு பேர். ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை. அடுத்த பட்டியலில் என் பெயர் இருப்பதாகக் கங்காணியே சொல்லியிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

பெட்ரோல் இல்லாத காலம். லாரி கரிப்புகையில் ஓடியது. ஐந்தாவது மைலில் நின்றுவிட்டது.

"அண்ணே, நாலு மணிக்குப் போயிருமா?"

"நெருப்பு எரியணும்லா. இறங்கி விசிறு."

விசிறினேன். கரியெல்லாம் முகத்தில். அவர் பார்த்துச் சிரித்தார். "இப்படியே போய் தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்து வாரேன்னு சொல்லிப் பாரு. அங்க இருக்கிற பைத்தியக்கார ஆஸ்பத்திரி சுவரேறிக் குதிச்சவன்னு திருப்பி அனுப்பிருவாங்க."

புது மணி மூன்று ஐம்பத்தைந்து. ஆலைக்குள் மூச்சிரைக்க ஓடினேன். பின்புறத் திடலில் இரண்டு கம்பங்களும் வளையங்களும் இருந்தன. ஆள் யாரும் இல்லை. ஆலைக் கிராணி, யாழ்ப்பாணத்துப் பெரியவர், கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"நாலு மணி ஆட்டத்துக்கோ வந்தனீர்? அது பழைய நாலு மணியெல்லோ. வேலை அவங்கட மணி, விளையாட்டு எங்கட மணி. இன்னும் ஒண்டரை மணித்தியாலம் கிடக்கு."

தோட்டத்தில் எந்த மணி நடக்கிறதோ அதுவே இங்கும் நடந்திருக்கிறது. டவுன் என்பதால் நான்தான் அதிபுத்திசாலியாகக் கணக்குப் போட்டு வந்திருந்தேன்.

சும்மா உட்கார மனம் வரவில்லை. கொட்டகையில் இரண்டு பேர் ஏணியில் ஏறி இறங்கிப் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்றபடியே வாங்கி மேல் வரிசையில் வைத்தேன். அவர்கள் ஏணியை ஓரமாகச் சாய்த்துவிட்டுச் சுருட்டுப் பற்ற வைத்தார்கள். ஆட்டத்துக்கு மற்றவர்கள் வந்தபோது கொட்டகையில் பாதி முடிந்திருந்தது. என் தோளிலும் பாதி தீர்ந்திருந்தது.

பழைய மணி நாலு. ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பத்தொன்பதுக்கு இருபத்து நான்கு என்று தோற்றோம். வளையத்துக்கு நேர் கீழே நின்று நான் தவறவிட்ட பந்தை ஒரு குழந்தை போட்டிருக்கும். அட்டை போச்சு என்று நினைத்துச் சப்பாத்தைக் கழற்றினேன்.

தவ்கே கிராணியிடம் மலாய் மொழியில் ஏதோ சொன்னார். கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பந்து போடுற ஆக்கள் தன்னட்ட இருக்கினமாம். ஏணி இல்லாமல் பலகை அடுக்குற ஆளை இண்டைக்குத்தான் கண்டவராம். நாளைக்குக் காலமை ஏழுக்கு வாரும்."

"எந்த ஏழு, ஐயா?"

"வேலையெல்லோ? அவங்கட ஏழுதான்."

அங்கேயே அட்டையில் பெயர் எழுதி முத்திரை குத்தினார். மை காயும்வரை ஊதிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்ப லாரியில் ஏறியபோது ஈப்போவில் ஆறே முக்கால். கரி அன்று நன்றாக எரிந்தது. ஒரு மணி நேரத்தில் முச்சந்தி. இறங்கினால் தோட்டத்தில் ஆறேகால்தான். கிளம்பியதற்கு அரை மணி முன்பாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டேன். வெயில்கூட முழுதாக இறங்கவில்லை. ஈப்போவில் கடை இருக்கிறது, விளக்கு இருக்கிறது; கிளம்புமுன்பே வந்து சேரும் இந்த வசதி மட்டும் அங்கே கிடைக்காது.

அஞ்சலை வாசலுக்கு வந்தாள். "ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம்."

அவள் முகம் செத்துப்போனது. அட்டையை நீட்டினேன். படிக்கத் தெரியாதவள், முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னா எழுதியிருக்கு?"

"பலகை அடுக்குறவன்னு."

"ஆட்டக்காரன்னு எழுதலையா?"

"இல்ல."

அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. இனிமே ஒரே சட்டைதான்."