நாலு அங்குலப் பலகை

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் மழைத்தண்ணீர் வடியும் பெரிய கான் ஒன்று ஓடியது. அதன் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. அகலம் நாலு அங்குலம்தான். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது; பனி இறங்கினால் பலகை சவர்க்காரமாய் வழுக்கும். நாங்களெல்லாம் கானுக்குள் இறங்கித்தான் ஏறுவோம். அக்கா மட்டும் பலகையில் நடப்பாள். முனைவரை போய், ஒற்றைக்காலில் சுழன்று திரும்புவாள். "நேரா போறதுக்கு மாடு போதும்டி. திரும்புறதுதான் வேலை" என்பாள். மாடு என்றது என்னைத்தான்.

அதற்கு ஜிம்னாஸ்டிக் என்று பெயர் இருப்பது, அவள் மாத்தளைப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வயதுக்கு வந்த பிள்ளை காலைத் தூக்குவதா என்று லயமே வாய் கிழியப் பேசியது. அம்மாவோ பழைய சேலையைக் கிழித்துக் களிசான் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அக்கா மாத்தளையில் வென்றாள், கண்டியில் வென்றாள், கொழும்பில் அகில இலங்கைப் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்தாள். அறுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அவளைத் தெரிவு செய்தார்கள்.

பாஸ்போர்ட்டுக்காக அம்மா எங்கள் இருவரையும் கொழும்புக்குக் கூட்டிப் போனாள். அதிகாரி நல்ல தமிழில்தான் கேட்டார்: "நீங்க எந்த நாடு?" தோட்டத்தில் நாங்கள் நாடு என்று சொல்வது பக்கத்துச் சிங்களக் கிராமங்களை. அம்மா பயந்தபடி, "நாடு இல்லீங்க தொர, நாங்க தோட்டம்" என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிழை என்று சொல்லவும் முடியாது. சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த கூலிகளின் வம்சம் என்று எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தார்கள். அது இல்லாதவளுக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை. அக்கா மேசையைவிட்டு நகரவில்லை. "கழுத்துல மெடல் போட்டப்ப இதை ஏங்க யாரும் கேக்கல?" என்றாள். இரண்டாவதாக வந்த பெண் விமானம் ஏறினாள்.

அழுதது நான்தான். அக்கா அடுத்த வருடமும் கொழும்புக்குப் போய், விமானம் ஏறி வந்தவளையே தோற்கடித்தாள். அதற்கடுத்த வருடமும் அவளே முதல். அனுப்ப மாட்டோம் என்று ஒதுக்கியவளைத் தோற்கடிக்கவும் ஆளில்லாமல் மேடையில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

பிறகு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்தன. இந்தியாவுக்குப் போகிறவர்களின் பெயரைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் எழுதினார்.

"ஒனக்கும் பாஸ்போட்டு கெடைக்கும் புள்ள. எழுதவா?"

"திரும்பி வரலாமுங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"அதெப்படி? போனா போனதுதான்."

"அப்ப எழுதாதீங்க. திரும்புறது இல்லாத ஆட்டத்த நான் ஆடுறதில்ல."

அவளுக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்தபோது தலை நரைத்திருந்தது. இப்போது கானுக்கு மேலே அகலமான கொங்கிரீட் பாலம் போட்டிருக்கிறார்கள். போன மாதம் இருவரும் அங்கே போயிருந்தோம். பாலத்தின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டுச்சுவர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஏறிவிட்டாள். "எறங்குக்கா!" என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை. முனைவரை போனாள். ஒற்றைக்காலில் சுழல இனி முடியாது. இரண்டு காலையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மூச்சு வாங்க, முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்து நின்றாள்.

"திரும்பிட்டேன் பாத்தியாடி, மாடு?"