மாலை ஏற்றி வந்த ஜீப்

எங்கள் ஊர் சேவைச் சங்கத்துக்குத் தலைவர் என்று ஒருவர் இருந்தார். ஏலக்காய் மண்டிக்காரர். "தலைவன்னா யாரு? எல்லாருக்கும் வேலைக்காரன்!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாய் கிழியப் பேசுவார். அந்த வேலைக்காரருக்கு நாற்காலி தூக்கிப் போடவும், பேசி முடித்ததும் சோடா உடைத்துக் கொடுக்கவும் என் வீட்டுக்காரர் இருந்தார். போடியில் சின்னதாகச் சாக்குக்கடை வைத்திருந்தோம். கடையை என் தலையில் கட்டிவிட்டு, "சங்கத்துச் சோலி இருக்கு" என்று ஓடிவிடுவார். அப்படி ஒரு பைத்தியம் அவருக்கு.

ஐம்பதுகளில் ஓர் ஐப்பசி மழையில், குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்குக் கம்பளி கொடுக்கப் போனார்கள். தலைவர் அடிவாரத்தில் ஜீப்பை விட்டு இறங்கினார். ஒரு கிழவிக்குக் கம்பளியைப் போர்த்தி, போட்டோ பிடித்துக்கொண்டு, காப்பி குடிக்கத் திரும்பிவிட்டார். மிச்சக் கட்டுகளை நனைந்துகொண்டே மேலே சுமந்து போனது யார்? இவர்தான். அத்தனை கம்பளி சுமந்த மனிதர் தனக்கென்று ஒன்றைப் போர்த்திக்கொள்ளவில்லை. வந்த சில நாட்களில் மலைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது.

உள்ளூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். "மதுரை பெரியாஸ்பத்திரிக்கு இன்னைக்கே கொண்டு போயிருங்க. ரயில்லயோ பஸ்சுலயோ இவரால உக்காந்து போக முடியாது. படுக்கவச்சுத்தான் கொண்டு போகணும்" என்றார். அதற்கு நாங்கள் கேட்கக்கூடிய ஒரே வண்டி தலைவரின் ஜீப்தான். முன்னால் சங்கத்தின் பெயர்ப்பலகை வேறு மாட்டியிருப்பார். மண்டிக்கு ஓடினேன்.

"அண்ணே, உங்க தம்பி கண்ணத் தொறக்க மாட்டேங்குறாரு. ஜீப்பக் கொஞ்சம் குடுங்கண்ணே."

"அட, நம்ம ஆளுக்கு இல்லாத ஜீப்பா தாயி? நீ போ. ஆரையாச்சும் வந்து பாக்கச் சொல்றேன். பாத்துட்டுச் சங்கத்துல பேசி முடிவு பண்ணிருவோம்."

"பேசுறதுக்கு என்னண்ணே இருக்கு? டாக்டரு இன்னைக்கேன்னு சொல்லிட்டாரு."

"எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்குல்லத்தா" என்றார். மண்டி வாசலில் அதே ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்று யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் ஓர் உறுப்பினரை அனுப்பினாராம். அன்றைக்கென்று பார்த்துப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோயிருந்தார். வந்த மகராசன் தெருமுனையில் நின்று பந்தலைப் பார்த்தார், கொட்டுச் சத்தத்தைக் கேட்டார், அப்படியே திரும்பிவிட்டார். சாவு வீட்டுக்குள் கால் வைத்தால் தலை முழுகாமல் வேறு வேலைக்குப் போக முடியாதே! அன்று ஏலக்காய் ஏலம் விடும் நாள்; சங்கத்தாரில் பெரும்பாலோர் அந்த வியாபாரிகள்தான். குளித்துவிட்டு வருவதற்குள் நல்ல காயெல்லாம் கைமாறிப் போய்விடும். எத்தனையோ வருஷம் பழகியவன் செத்தானா பிழைத்தானா என்று நாலு வீடு தாண்டி வந்து பார்க்கத் துப்பில்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தலைவரிடம் சொல்லிவிட்டார். ஏலம் முடிந்ததும் சங்கத்தார் எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்களாம். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் ஜீப் சத்தம் கேட்டதும் நான் ஒரு மடச்சி, கும்பிட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். இரண்டு பேர் பெரிய ரோஜா மாலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் தலைவர், வெள்ளை வெளேரென்ற வேட்டி சட்டையில். உள்ளே வந்தவர் கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கட்டிலில் இவர் கண்ணைத் திறந்து, "அண்ணே வந்திருக்காக... நாற்காலியக் கொண்டா" என்று என்னிடம் முனகினார்.

"யாருக்குண்ணே இந்த மாலை?" என்று கேட்டேன். மாலை பிடித்திருந்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது.

"மாலைய எறக்கி வைங்க. மனுசன ஏத்துங்க."

"இல்லத்தா, சாயங்காலம் மலைக்கு லோடு..."

"செத்தவருக்கு வந்த ஜீப்பு உசுரோட இருக்கவருக்கு வராதா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மாலை கொண்டுவந்த இருவரும் காய்ச்சலுக்குப் பயந்து சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் டிரைவர் தலைமாட்டைப் பிடிக்க, தலைவர் கால்மாட்டைப் பிடித்தார். எல்லாருக்கும் வேலைக்காரர் செய்த வேலை என்று நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான். மாலையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். செத்த பெரியவர் தலைவருடைய மண்டியில்தான் காலமெல்லாம் மூட்டை தூக்கினார். அந்தச் சாவும் அவருக்குத் தெரியவில்லை.

"நேத்தே கொண்டு வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று மதுரை டாக்டர் கேட்டார். அங்கேயே இவர் உயிர் போய்விட்டது.

பிணத்தோடு ஊர் திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், தங்கள் துக்கமே ஆறாதவர்கள், எங்களுக்குப் பந்தல் போட்டார்கள். சங்கத்திலிருந்து ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை.

காரியம் முடிந்து கடை திறந்த அன்று, தெருமுனையோடு திரும்பிப் போன அந்த உறுப்பினர் சாக்கு வாங்க வந்தார். அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "ஏண்ணே, உங்கள்ல ஒருத்தர்கூட வந்து எட்டிப் பாக்கலையே?"

அவர் முகத்தில் கூச்சம் என்பதே இல்லை. சாக்கை உதறி ஓட்டை பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்னத்தா இப்பிடிக் கேக்குற? அதான் அன்னைக்கே எல்லாரும் எந்திரிச்சு நின்னு அஞ்சலி செலுத்திட்டமே."