தாய் குடித்த மருந்து

“டாக்டரம்மா, மிச்சம் கெடக்க இந்த மருந்தப் பிள்ளைக்குக் குடுக்கட்டா?”

1960களில் நான் சிவகாசியில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கிராமமான விஸ்வநத்தத்து மாரியம்மா வந்து இப்படிக் கேட்டாள். தோளில் ஒரு மாதக் குழந்தை. கையில், கர்ப்ப காலத்தில் நான் கொடுத்த வெள்ளை மிக்ஸ்சர் பாட்டில்.

மாரியம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டும் வேலை. ஏழு மாத வயிற்றோடு, சாப்பிட்ட கையோடு குனிந்து உட்கார்ந்தால் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்? “எரிஞ்சா பிள்ளைக்கு முடி நெறைய இருக்குமாம்லா” என்று அதிலும் அவளுக்கு ஒரு பெருமை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, சாப்பிட்டதும் குனியாதே என்றேன். தீபாவளி சீசன் நேரம், பாதிதான் கேட்டாள். ஆப்பச் சோடாவை வேறு கரைத்துக் குடித்துவந்தாள். கால் வீங்கியிருந்தது. சோடாவில் உப்புச் சத்து உண்டு, அவளுக்கு அது ஆகாது. அதை நிறுத்திவிட்டுத்தான் மக்னீசியம் மிக்ஸ்சர் எழுதினேன். சோறு இறங்கியது. யோசித்துக் கொடுத்த மருந்து, அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

“பால் குடிச்சதும் கக்குதான். வயித்துக்குள்ள இருக்கையிலயே இத அம்புட்டும் குடிச்சவன்தானே?” என்றாள் இப்போது, பாட்டிலை நீட்டி.

வக்கீல்கூட இப்படி மடக்கமாட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அவள் சொன்னதில் அது அடங்கியது.

“மொதப் பிள்ளையும் இப்படிக் கக்கிக் கக்கியே வத்திப்போயிச் செத்துச்சும்மா.”

குழந்தையை வாங்கித் தராசில் போட்டேன். எடை நன்றாக ஏறியிருந்தது. கக்கியதில் பச்சையோ ரத்தமோ இல்லை, பீய்ச்சி அடிக்கவுமில்லை. ஒன்றுக்கும் ஒழுங்காகப் போகிறான்.

“அப்ப மருந்த உன் உடம்பு தாங்கிக்கிட்டுது. இப்ப இவன் தனியால்லா தாங்கணும்? கிட்னியே இன்னும் பிஞ்சு. இந்த மருந்து வேண்டாம். பால் குடிச்சதும் தோள்ல நிமித்திப் போடு. வாரம் ஒருக்கா தராசுக்குக் கொண்டா. எடை எறங்கினா என்ன செய்யணும்னு நான் பாத்துக்கிடுதேன்.”

“ஒண்ணுமே குடுக்காம அனுப்புதீகளே!” என்று அழுதாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாட்டிலை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தேன்.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். தாய்க்கு ஒத்துக்கொண்ட மருந்து என்று பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பிள்ளையை எடை போடுங்கள். மருந்து தேவையில்லை என்றால் தைரியமாகச் சொல்லுங்கள், சொல்லிவிட்டுத் திரும்ப வரச்சொல்லி எடையைப் பாருங்கள்.

அடுத்த வாரம் மாரியம்மா நேரே தராசுக்குத்தான் போனாள். நான் முள்ளைப் பார்க்குமுன்பே சொன்னாள்:

“இன்னும் கக்கத்தான் செய்யுதான், டாக்டரம்மா. ஆனா விஸ்வநத்தத்துலருந்து தூக்கிட்டு வரமுடியல, அம்புட்டுக் கனம் கனக்கான்!”