கழுவப் போகும் கிண்ணங்கள்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் மக்கர் பண்ணும் என்பது அவருக்கு அத்துப்படி. அதைவிட அத்துப்படி, அந்தக் கட்டடத்துப் பக்கத்தில் எங்கே நல்ல ராமென் கடை இருக்கிறது என்பது. சூப்பில் கிடக்கும் நூடுல்ஸ், அவ்வளவுதான். அதற்கு இருபத்திரண்டு வருஷமாக நோட்டுப் போட்டுப் பத்துக்கு இத்தனை என்று மார்க் கொடுக்கிறார். பெற்ற மகளின் ரேங்க் கார்டைக்கூட இந்த மனுஷன் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

அவர் மார்க் போடும் லட்சணத்தையும் கேளுங்கள். வாசலில் நிற்கும் வரிசையை நம்ப மாட்டார். பசி நேரத்தில் எதுவும் ருசிக்கும் என்று தன் நாக்கையும் நம்ப மாட்டார். கிண்ணம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு அவித்த முட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பி வரும் கிண்ணங்களை எண்ணுவார். இருபது கிண்ணம் வர வேண்டும். அதில் குறைந்தது பதினைந்து கிண்ணம் சூப் மிச்சமில்லாமல் வந்தால்தான் தனக்கு ஒரு கிண்ணம் கொண்டுவரச் சொல்லுவார். வேறு வேலை இல்லையா என்று நானும் கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டேன்.

அவர் கம்பெனி மெக்கானிக்குகள் அத்தனை பேரும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் சாப்பிடப் போவார்கள். ஆறுக்குக் கீழே மார்க் என்றால் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

இப்படியிருக்க, என் தம்பி இருந்த வேலையை விட்டுவிட்டு ராமென் கடை போட்டான். மூன்று மாதமாக ஈ ஓட்டினான். கடையைத் தொடர்வதா, சாவியைக் கொடுத்துவிடுவதா என்று மாதக் கடைசியில் இடத்துக்காரரிடம் சொல்லியாக வேண்டும். "அக்கா, மாமா ஒரு தடவை வந்து நல்ல மார்க் போட்டாப் போதும்க்கா," என்றான். இவரிடம் சொன்னேன்.

"வரேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன். மச்சினன்னு மார்க் ஏத்தவும் மாட்டேன்."

கல்நெஞ்சக்காரர்! நான் சும்மா இருப்பேனா? நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் இருபத்து மூன்று பேரைப் பிடித்தேன். தினமும் மதியம் தம்பி கடையில்தான் சாப்பாடு, ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது என்று கெஞ்சினேன். தம்பியிடம் மூச்சு விடவில்லை. கடை நிரம்பியதைப் பார்த்து அவன் பூரித்துப் போனான்.

நாலாம் நாள் இவர் வந்தார். நான் கூட்டத்தைச் சமாளிக்க அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து உள்ளே முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். இருபது கிண்ணமும் காலி. தனக்கு ஒன்று வாங்கி ஒரு வாய் குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கூட்டம் போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"கிண்ணமெல்லாம் காலிதான். ஆனா தண்ணி ஜக்கை ஏழு தடவை ரொப்பினாங்க. வந்த எல்லார் சட்டையிலயும் நீல நூல் ஒட்டியிருக்கு." என் தோளிலிருந்து ஒரு நூலை எடுத்து மேஜையில் வைத்தார். நீலம்தான். அந்த வாரம் கம்பெனியில் நீலச் சீருடை ஆர்டர்.

தம்பி என்னைப் பார்த்தான். "நீயாக்கா அனுப்பின?"

"உன் நல்லதுக்குத்தான்டா."

"போன வாரமே உப்பு கூடன்னு எனக்கு ஒரு சந்தேகம். சூப்பை மாத்தணும்னு இருந்தேன். கிண்ணமெல்லாம் காலியா வந்துச்சா, சரி, நம்ம நாக்குலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

மாதம் முடிய இன்னும் ஆறே நாள். இருந்த பத்தில் நாலை நான் பாழாக்கியிருக்கிறேன். இவராவது ஏதாவது சொல்லித் திட்டுவார் என்று பார்த்தால், நோட்டைத் திறக்காமல் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வரேன்," என்றார்.

"நீ குடிச்சுப் பார்த்தியாக்கா?" என்றான் தம்பி.

மூன்று மாதத்தில் மேஜை துடைத்திருக்கிறேன், வெங்காயத்தாள் நறுக்கியிருக்கிறேன். ஒரு வாய் குடித்ததில்லை. நன்றாக இல்லாவிட்டால் அவன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்ற பயம். அவன் ஒரு கிண்ணம் ஊற்றி என் முன்னால் வைத்தான். குடித்தேன்.

"கரிக்குதுடா," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்லக்கா," என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்து, அண்டாவிலிருந்த சூப் முழுவதையும் தொட்டியில் கொட்டினான்.