அத்தானோடு நடந்த காட்டுவழி

மூன்று நாளாக அத்தானின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முன்னால் அவர், பின்னால் நான். அவரிடம் கேட்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கத்தான் கூடவே போனேன். ஆனால் வாய் வரவில்லை.

அக்கா செத்த பிறகு அத்தான் ஜெர்மனியில் இருக்கிற தமையனிடம் போகப்போகிறார் போலிருந்தது. போனில் கதைத்ததை அரைகுறையாகக் கேட்டிருந்தேன். அவர் போனால் இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் எனக்கு ஒருவரும் இல்லை. அம்மா அப்பா இல்லாத என்னை இங்கே கூப்பிட்டு வளர்த்தது அக்காதான். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு வுச்சீரியாச் சந்தைச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவப் போனபோது நல்லாக ஏசினாள். ஏசிவிட்டுச் சாப்பாடு போட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தான் நேர்த்தி வைத்தார். அவள் எழும்பினால் சிக்கானி மலைக் காட்டிலிருந்து பலேர்மோவில் பெலெக்ரீனோ மலைக் குகை வரைக்கும் நடந்து வருவேன் என்று. நாங்கள் சைவக்காரர். என்றாலும் அந்தக் குகையில் இருக்கிற வேதக்காரரின் புனிதை ரோசாலியாவுக்குத்தான் இங்கே எங்கள் சனம் நேர்கிறது. அக்கா எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அத்தான் பையைக் கட்டினார். நானும் வருகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

முதல் நாள், தடி ஊன்றிக்கொண்டு வந்த ஒரு இத்தாலியச் சோடி எங்களைப் பார்த்துச் சிரித்து, லீவா என்று கேட்டது. அத்தான் ஓமென்று தலையாட்டினார்.

"லீவு எண்டு சொல்லிப்போட்டியள்?"

"வேற என்னத்தைச் சொல்ல? வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா இந்தக் கிழமை படி கழுவ வரவேண்டாம் எண்டவ. அப்ப லீவுதானே."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

காடு முழுக்க ஓக் மரம். ஏற்றம், இறக்கம், மாட்டுச் சாணி, முள்ளுக்கம்பி, திரும்பவும் ஏற்றம். எங்கே வந்தோம் என்றே தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி. அக்காவை நினைக்கக்கூடக் களைப்பு விடவில்லை. அது சுகமாக இருந்தது. சுகமாக இருக்கிறதே என்று பிறகு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் முடிந்தது. தண்ணீர் இருக்கிறதென்று போனில் காட்டிய இடத்தில் மாடு குடிக்கிற கல்தொட்டி ஒன்றுதான் இருந்தது. அதுவும் வறண்டு கிடந்தது. நான் அதன் கரையில் இருந்துவிட்டேன்.

"என்னாலை ஏலாது அத்தான்."

"கொஞ்சத் தூரம்தான்ரா."

"காலமையும் உதைத்தான் சொன்னியள். பையுக்குள்ளை தேங்காய் இருக்கெல்லே? உடையுங்கோ."

குகை வாசலில் உடைக்கவென்று எங்கள் ஆட்களின் கடையில் வாங்கி, அவர் சுமந்து வந்த தேங்காய் அது.

"உனக்கென்ன விசரோ? அது ரோசாலியாவுக்கு நேர்ந்தது."

"அவ எங்களுக்கு என்னத்தைத் தந்தவ? அக்கா செத்துப்போனா. பிறகென்ன தேங்காய்?"

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பையை இறக்கி, துவாயில் சுற்றியிருந்த தேங்காயை எடுத்து, தொட்டிக் கல்லில் ஓங்கி அடித்தார். பாதித் தண்ணீர் நிலத்தில் போய்விட்டது. மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"குடி."

"நீங்கள்?"

"முதல் நீ குடியடா."

இரண்டு வாய் இருந்தது. கொஞ்சம் புளித்திருந்தது. தேங்காயின் மற்றப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தான் அழுதார். செத்தவீட்டில்கூட அவர் அழவில்லை. அவர் அழுது முடியும்வரை இருந்துவிட்டுக் கேட்டேன்.

"ஜெர்மனிக்குப் போறியளோ?"

"ஓம்."

"எப்ப?"

"உந்த நடை முடிய."

"அப்ப நான்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அந்த வீட்டுக்குள்ளை என்னாலை ஏலாதடா. அவளின்ரை சீப்பு கண்ணாடிக்கு முன்னாலை கிடக்கு. எடுக்கவும் ஏலாது, பாத்துக்கொண்டு இருக்கவும் ஏலாது."

"நான் எடுக்கிறன் அத்தான்."

"சீப்பில்லையடா தம்பி."

கெஞ்ச வேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் சொல் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கெஞ்ச மனம் வரவில்லை. பலேர்மோவில் இருக்க அவரிடம் பெலன் இல்லை. எனக்கு அது விளங்கியது. விளங்கினாலும் கோபம் போகவில்லை.

பின்னேரம் ஃபிக்குட்சா ஊருக்கு வந்து சேர்ந்தோம். குழாயில் வயிறு முட்டக் குடித்தோம். பலேர்மோ பஸ் நின்றது.

"ஏறு," என்றார். "இரவுக்கு முதல் வீட்டை போய்ச் சேந்திடுவாய்."

"நீங்கள்?"

"நான் நடக்கிறன்."

"குடுக்க ஒண்டும் இல்லையே."

"கும்பிடத்தானே போறன். கை இருக்கு."

ஏறினேன். சீட்டில் இருந்ததும் கண் செருகியது. குகைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் நடை. அதற்குப் பிறகு ஜெர்மனி. அத்தானோடு எனக்கு மிச்சம் இருப்பது அந்த இரண்டு மூன்று நாள்தான். பஸ் சத்தம் போடத் தொடங்கியதும் எழும்பிப் படியால் குதித்தேன்.

"ஏன்ரா இறங்கினனீ?"

"சும்மா."

"விசர்ப்பொடியன். நாளைக்கு ஏலாது எண்டு அழக்கூடாது."

"அழுவன்," என்றேன்.

"அழு," என்றார். பிறகு இரவு படுக்க இடம் கேட்க இருவரும் தெருவால் நடந்தோம்.