டீ கேட்கும் நர்ஸ்

எங்கள் வட்டாரத்தில் அவரை ‘டீ நர்ஸ்’ என்றுதான் சொல்வோம். வீட்டிலிருக்கும் வயதானவர்களால் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள முடிகிறதா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். வந்து உட்கார்ந்ததும், “ஒரு டீ கிடைக்குமா?” என்பார். ஓசி டீக்கு அலைகிறார் என்று விவரம் தெரியாதவர்கள் பேசுவார்கள். நடக்க முடிகிறதா, குனிய முடிகிறதா என்று கேட்டால் எந்தப் பெரிய மனுஷர் ‘இல்லை’ என்பார்? சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கூட, “எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்” என்றுதான் சொல்வார். டீ போட எழுந்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தனியாக இருந்தார். நர்ஸ் ஏதாவது குறை சொன்னால் அன்றைக்கே தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவதென்று வெளியூரிலிருந்து மகள் வந்திருந்தாள். டிரைவருக்கோ இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை.

நர்ஸ் வந்து வழக்கம்போல் கேட்டதும், டிரைவர் கையால் டீ அமர்க்களமாக வந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மகளே அசந்துபோனாள். எதிர்வீட்டுக்காரர் நர்ஸின் வித்தையை முன்கூட்டியே சொல்லிவைத்ததும், மனுஷன் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்ததும் அவளுக்கு எப்படித் தெரியும்?

நர்ஸ் டீயை ரசித்துக் குடித்தார். பிறகு எழுந்துபோய்க் குளியலறையை எட்டிப் பார்த்தார். வாளியில் தூசி. சோப்பு காய்ந்து வெடித்திருந்தது.

“ஐயா, குளிச்சு எத்தனை நாளாச்சு?”

டிரைவரின் முகம் தொங்கிவிட்டது. “அந்தப் படியில ஒரு தடவை சறுக்கிட்டேம்மா. அப்புறம் உள்ள போகவே பயம். ஈரத் துணியால துடைச்சுக்கிறேன்.”

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?” என்றாள் மகள்.

“சொன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவியே.”

“இதுக்கெல்லாம் எதுக்கு வீடு மாறணும்?” என்றார் நர்ஸ். “பிடிச்சுக்க சுவத்துல ஒரு கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல். நானே ஏற்பாடு பண்றேன். எது முடியலன்னு சொன்னாத்தான் ஐயா, நீங்க இங்கேயே இருக்க முடியும்.”

டிரைவர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டினாள்.

மனிதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியை நர்ஸ் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப கேட்டுக்கோம்மா. சட்டைக்கு பட்டன் போட வரல. கால் நகம் வெட்ட எட்டல. மாத்திரை டப்பா மூடி சத்தியமா திறக்கல...”

“அப்பா!”

“நீ சும்மா இரு. இன்னும் பாதிகூட சொல்லி முடிக்கல.”