சப்பரம் வெளியே வந்த விதம்

எட்டு வயதில் நான் ஒரே ஒரு நாள் தேவதூதராக இருந்திருக்கிறேன். எங்கள் கடற்கரையில் அதைச் சம்மனசு என்போம். அந்தோணியார் திருவிழாவில் சொரூபத்தின் காலடியில் காகிதச் சிறகு கட்டிக்கொண்டு சப்பரத்தில் நிற்க, அந்த வருடம் என்னைத் தேர்ந்திருந்தார்கள். என் தலைக்கனத்தைக் கேட்க வேண்டுமா!

கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்ததால், புதுச் சப்பரத்தை அத்தையின் வலைக் கொட்டகைக்குள் வைத்தே செய்தார்கள். வாசலின் உயரத்தை அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) தன் துடுப்பால் அளந்தார். சப்பரத்தை மாமா தன் துடுப்பால் அளந்தார். மாமாவின் துடுப்பு அரை முழம் கூடுதல் என்பது, திருவிழா அன்று சப்பரத்தின் உச்சிச் சிலுவை வாசலில் இடித்தபோதுதான் தெரிந்தது.

யார் துடுப்பு சரி என்றே இருவரும் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு ஊரே சேர்ந்துகொண்டது. எப்படியாவது உயரத்தைத் தாழ்த்தியே ஆக வேண்டும், சிலுவையை அறுத்துவிடலாம் என்றார் ஒருவர். செய்த தச்சர் அழாத குறை. கூரையைப் பிரிக்கலாம் என்றார் அய்யா. அத்தை வாசலை மறித்து நின்றாள்.

“நேத்துத்தான் புது ஓலை வேஞ்சேன். கூரையில கைய வச்சா, என்னைய இங்கனயே குழி தோண்டிப் பொதச்சுட்டுத்தேன் எடுத்துட்டுப் போகணும்!”

சப்பரம் இல்லையென்றால் சம்மனசு ஏது? சிறகோடு மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா மட்டும், அத்தை குழி தோண்டச் சொன்ன தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், வாசல்ல குழி தோண்டுனா என்ன?”

“பள்ளத்துல எறங்குறப்பக் குப்புற விழுமே மாப்ள,” என்ற அய்யா, சப்பரத்தின் அடியைக் குனிந்து பார்த்து, “சப்பரத்துக்கு அடியிலயும் சேத்து மண்ண எடுத்தா?” என்றார்.

“ஈரப் பனமட்டைய விரிங்க, வழுக்கிக்கிட்டு வரும்,” என்றார் தச்சர்.

அவ்வளவுதான். சட்டி, மண்வெட்டி, வெறுங்கை என்று ஊரே தோண்டியது. சப்பரம் ஆடாமல் ஒரு முழம் இறங்கி, வாசலைத் தாண்டி, வெளியே மேடேறியது. அப்புறம் அதன்மேல் நான்! சம்மனசு பல்லைக் காட்டக் கூடாது என்று கோயில் உபதேசியார் அதட்டிக்கொண்டே வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பந்தியில், அது யாருடைய யோசனை என்று கேட்டேன். “நாந்தேன்,” என்றார் மாமா. அய்யாவும் “நாந்தேன்” என்றார். தச்சரும் அத்தையும் அதையே சொன்னார்கள். சிலுவையை அறுக்கச் சொன்னவர்கூட மார்தட்டினார்.

திருநாளும் அதுவுமாக இத்தனை பெரியவர்கள் கூசாமல் பொய் சொல்கிறார்களே என்று பதறிப்போனேன். ஒவ்வொருவருக்காகவும் ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லி, இவர்களை மன்னித்துவிடும் என்று அந்தோணியாரிடம் மன்றாடினேன். அவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.